நிர்ப்பீடனக் கலங்களின் மேற்பரப்புப் புரதங்களை இனங்காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விஞ்ஞானிகளான கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் வெளியிட்ட முறையால் ஒரே வடிவமுள்ள மொனோகுளோனல் பிறபொருளெதிரிகளை (குறித்த ஓர் இலக்கைப் பற்றும் புரதங்களை) வேண்டிய அளவுக்குப் பெற முடிந்தது. ஒவ்வோர் ஆய்வுகூடத்திலும் வெவ்வேறு பெயரில் வழங்கிய அவற்றை ஒப்பிட்டு, அவை பற்றும் புரதத்துக்குப் பொதுவான சிடி (CD) எண் இடும் ஒழுங்கு 1982இல் பாரிசில் தொடங்கியது.

அந்த எண் புரதத்துக்கு உரியது, கலத்துக்கு உரியதன்று. இதை மறப்பதே மிகப் பரவலான தவறு. ஒளிர்சாயம் இணைத்த பிறபொருளெதிரி பற்றி சிடி4 ஒளிர்ந்ததும் உதவி ரி-கலம் என்று மாணவர் எழுதிவிடுகின்றனர்; மனித மொனோசைற்றுகள் எனும் வெண்குருதிக் கலங்களிலும் சிடி4 குறைந்த அளவில் உண்டு, சிடி8 சில இயற்கைக் கொல்லிக் கலங்களிலும் உண்டு. ஆகவே ரி-கலங்களின் அடையாளமான சிடி3ஐயும் கூடவே பார்க்காமல் ரி-கலங்களை எண்ணக்கூடாது.

மொனோசைற்றுகள் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். பிறபொருளெதிரியின் வால்பகுதியைப் பற்றும் எஃப்சி வாங்கிகள் அவற்றில் நிறைய இருப்பதால், இலக்குப் புரதம் இல்லாதபோதும் ஒளிர்வு தோன்றும்; சாயமேற்ற முன்னரே அவ்வாங்கிகளைத் தடுத்துவிட வேண்டும். இறந்த கலங்களிலும் பிறபொருளெதிரி கண்டபடி ஒட்டிக்கொள்ளும். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து கொழும்பை அடையும் குருதி மாதிரியில் அவை கூடுதலாக இருக்கலாம் என்பதால், உயிருள்ளவற்றைப் பிரித்துக்காட்டும் சாயம் அவசியம் என்றே நான் கருதுகிறேன்.

வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். இரு கைகளுள்ள பிறபொருளெதிரி இரு புரதங்களை இணைக்கும்போது, சூடான சூழலில் கலம் அவற்றை உள்ளிழுத்துவிடுவதால் ஒளிர்வு குறையும். நமது பங்குனி, சித்திரை வெயிலில் குழாயை மேசையில் விடாமல் பனிக்கட்டியில் வைத்தே சாயமேற்ற வேண்டும். ஒளிர்சாயம் இணைத்த பிறபொருளெதிரியை உறைய வைக்கவும் கூடாது, வெளிச்சத்தில் வைக்கவும் கூடாது.

ஒளிர்வு இல்லாததைப் புரதம் இல்லாததாகக் கொள்வது நோயாளியையே பாதிக்கக்கூடிய தவறு. பிறபொருளெதிரி பற்றுவது புரதத்தின் சிறு பகுதியை மட்டுமே. சிடி20ஐப் பற்றும் பிறபொருளெதிரி மருந்தான ரிற்றுக்ஸிமாப் பெற்றவரின் பி-கலங்களில் அம்மருந்தே சிடி20ஐ மறைத்திருந்தால் சோதனைப் பிறபொருளெதிரிக்குப் பற்ற இடமிராது. அங்கே பி-கலங்களிலுள்ள வேறொரு புரதமான சிடி19ஐக் கொண்டு அவற்றைத் தேட வேண்டும். மாதிரியை அனுப்பும் மருத்துவர் மருந்தின் பெயரையும் அது இறுதியாக ஏற்றப்பட்ட திகதியையும் படிவத்தில் எழுதியனுப்ப வேண்டும்.