இருவராக மலையேறுதல்: கிரேட் வெஸ்டர்ன் உச்சிக்கு ஒரு நாள்

இலங்கையின் மலைநாட்டில் தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ரயிலில் போகிறவர்கள் கிரேட் வெஸ்டர்ன் மலையைப் பார்க்காமல் போக முடியாது. தேயிலைக்கு மேலே கறுத்த காடும், காட்டுக்கு மேலே நீண்ட முகடுமாக, 2,200 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் அது நிற்கிறது. அதே பெயரில் ஒரு புகையிரத நிலையமும் அங்கே இருப்பதால், காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம் என்ற எண்ணம் எளிதாக வந்துவிடும். இறங்கிவிடவும் முடியும்; ஆனால் சிவனொளிபாதமலையில் இருப்பதைப் போன்ற படிக்கட்டோ, மின்விளக்கோ, வழிநெடுகத் தேநீர்க் கடையோ இங்கே கிடையாது. கையையும் ஊன்றி ஏற வேண்டிய இத்தகைய மலைக்கு இரண்டு நண்பர்கள் எப்படிப் போய்வர வேண்டும் என்பதை, நான் போய்வந்த அளவில் எழுதுகிறேன். இதில் வேறு எதை மறந்தாலும், திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே பேசி முடித்துக்கொள்வதை மட்டும் மறக்க வேண்டாம்.

முதலில் மாதத்தைப் பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து மலைகளை நனைத்துக்கொண்டே இருக்கும் என்பதால், இந்த மலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையான காலமே நல்லது. பசறைக்கு அருகே 2,036 மீற்றர் உயரத்தில் நிற்கும் நமுனுகுலை போன்ற ஊவா மலைகளுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று மழையைக் கொண்டுவருவது அந்தப் பக்கத்துக்குத்தான். ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் காலை எவ்வளவு வெளிச்சமாக இருந்தாலும் பிற்பகலில் இடி மழை வந்துவிடும். முகட்டில் நிற்பவர் மீது மின்னல் விழுவதற்குத் தடையே இல்லை. பல நாட்கள் தொடர்ந்து மழை பெய்திருந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, நீங்கள் போகும் பிரதேசத்தின் பெயர் அதில் இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மூடிய மண்ணை நினைவில் வைத்திருக்கும் எவரும் இந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்ய மாட்டார்கள்.

அடுத்தது, தோட்டத்து மக்களிடம் கேட்பது. பாதை தேயிலை மலைகளுக்குள்ளால் போவதால் தோட்டத்தில் சொல்லிவிட்டுப் போவது மரியாதை; அதைவிட, எந்த வடிகான் ஓரமாகப் போனால் காட்டுப் பாதையின் வாய் வரும், எந்தப் பாறையில் குளவிக் கூடு இருக்கிறது, சிறுத்தை அண்மையில் எங்கே நடமாடியது என்பதெல்லாம் அங்கே கொழுந்து பறிக்கும் அக்காமாருக்குத்தான் தெரியும். குளவியைப் பற்றி அவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் கேளுங்கள். குளவிக் கொட்டினால் வருடந்தோறும் துன்பப்படுகிறவர்கள் அவர்கள்தான். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகக் கூடாது, கூட்டுக்கு அருகே கத்தவோ புகைக்கவோ கூடாது, கூடு கலைந்துவிட்டால் நின்று கையால் அடித்துக்கொண்டிருக்காமல் முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும். புறப்படும் முன் ஒரு வீட்டில் உங்கள் பெயரையும், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதையும் சொல்லிவையுங்கள்.

சுமையைக் குறைவாக வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு இரண்டரை லீற்றர் தண்ணீர், உடலின் நீரிழப்பை ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூள் ஒரு பக்கெட், கட்டைச் சம்பலுடன் தேங்காய் ரொட்டி, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி, மழை அங்கி, ஒரு சுற்று பன்டேஜ் துணி ஆகியவை போதும். ரொட்டி நசுங்காது, கெடாது, பாதி வழியில் கையில் பிடித்துக்கொண்டே சாப்பிடவும் முடியும். டோர்ச் மட்டும் ஆளுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். கைத்தொலைபேசியின் விளக்கை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் உதவிக்கு அழைக்க வேண்டிய மின்கலமும் அதுதான். 1,000 மீற்றர் உயர்ந்தால் ஏறத்தாழ ஆறு பாகை குளிர் கூடும் என்பதால், கீழே வியர்க்கிறது என்று கம்பளிச் சட்டையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

விடியும்போதே நடக்கத் தொடங்க வேண்டும். தேயிலைக்குள் நடப்பது கடினமாக இராது; இங்கேதான் பலர் வேகமாக நடந்து மூச்சை வீணாக்கிவிடுகிறார்கள். இருவரில் மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். வேகமானவர் முன்னால் போனால், அவர் நின்று இளைப்பாறிவிட்டு, பின்னால் வருபவர் வந்து சேர்ந்த உடனே எழுந்துவிடுவார். இளைப்பாறல் தேவைப்பட்டவருக்கு அது கிடைக்காமலே போய்விடும்.

காட்டுக்குள் நுழைந்ததும் அட்டை. ஈரமான இலைச் சருகில் ஒரு நிமிடம் அசையாமல் நின்று பார்த்தால், தையல் நூல் அளவே உள்ள ஒன்று, வாலை ஊன்றித் தலையை உயர்த்தி, காற்றில் இப்படியும் அப்படியும் துழாவுவது தெரியும். உங்கள் பக்கம் திரும்பியதும் வில்லாக வளைந்து வளைந்து சப்பாத்தை நோக்கி வரும். காற்சட்டையின் ஓரத்தைக் காலுறைக்குள் செருகி, காலுறை மீது ஈரச் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்துக்கொள்வது தோட்டத்து வழக்கம். மழையில் கழுவப்பட்டால் மறுபடி தேய்க்க வேண்டும். 1344இல் சிவனொளிபாதமலைக்கு ஏறிய மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவும் இந்த அட்டைகளைக் குறிப்பிட்டு, இங்குள்ளவர்கள் அவற்றின் மீது எலுமிச்சம்பழத்தைப் பிழிவதை எழுதியிருக்கிறார். கடித்துவிட்ட அட்டையைப் பிடித்து இழுக்காமல், அதன் வாய் ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தைச் செருகித் தள்ளிவிடுவதே நல்லது. அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது என்பதால் சிறிய காயத்திலிருந்தும் நெடுநேரம் இரத்தம் வரும். கழுவிவிட்டுத் துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

மேலே ஏற ஏற மரங்கள் குட்டையாகிப் பாசி படர்ந்துவிடும், நிலம் செங்குத்தாகும், வேர்களையும் பாறைகளையும் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் வரும். இரு கை, இரு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் ஊன்றியிருக்க, நான்காவது மட்டும் நகர வேண்டும். பிடிக்கப்போகும் கல்லை முதலில் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெறுமையாக ஒலித்தாலோ, விளிம்பில் மண் உதிர்ந்தாலோ அதை விட்டுவிடுங்கள். உறுதியான கல்லைக்கூட வெளிப்பக்கம் இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்தியே ஏற வேண்டும். உடம்பின் பாரத்தைக் கால்தான் தாங்க வேண்டும், கை நிலைகுலையாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. கையால் தொங்கி ஏறுகிறவர் பத்து நிமிடத்தில் களைத்துவிடுவார். பாறையில் கறுப்புக் கோடாகத் தெரிவது பெரும்பாலும் நீர் வழிந்த தடம், வெயில் காலத்திலும் வழுக்கும். மானாப்புல்லை ஒற்றைத் தாளாகப் பிடித்தால் உள்ளங்கையைக் கீறிவிடும். வேறு வழியில்லாதபோது, அடித்தூரோடு சேர்த்துக் கொத்தாகப் பிடிக்க வேண்டும். பட்டுப்போன கிளை பார்வைக்கு உயிருள்ளதைப் போலவே இருக்கும், ஏனென்றால் பாசி இரண்டையும் ஒரே மாதிரி மூடியிருக்கும். அப்படியொரு கிளையை நான் எட்டிப் பிடிக்கப்போனபோது, "மச்சான், அதுல கைய வைக்காத, ஆடுது" என்று கீழேயிருந்து நண்பன் சொன்னதால்தான் கையை எடுத்தேன். அடுத்த தட்டிலேயே அது முறிந்து விழுந்தது.

இருவராகப் போவதன் பயன் அந்த இடத்தில்தான் தெரியும். ஒருவர் ஏறும்போது மற்றவர் அசையாமல் நின்று, அவருடைய கால் எங்கே இருக்கிறது, அடுத்த மிதி எங்கே என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஏறுகிறவருக்குத் தம் கால் தெரியாது. ஆனால் நேர் கீழே நிற்கக் கூடாது, ஒதுங்கி நிற்க வேண்டும். கல் உருண்டால், சிறியதாக இருந்தாலும், "கல்லு!" என்று கத்துவதை இருவரும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பாறையில் ஏறும் முன், இதே வழியால் இறங்க முடியுமா என்று ஒருவரையொருவர் கேளுங்கள். ஒருவருக்குத் தயக்கம் இருந்தாலும் அது இருவருடைய முடிவாக வேண்டும். அவரை வற்புறுத்துவதும் கேலி செய்வதும் நட்புக்கும் உயிருக்கும் ஆபத்தானவை.

நாங்கள் முதல் தடவை போனபோது காலை ஒன்பது மணி கடந்தே புறப்பட்டோம், திரும்பும் நேரத்தைப் பற்றிப் பேசவும் இல்லை. உச்சி இதோ வந்துவிட்டது என்ற ஒரே நினைப்பில் இரண்டரை மணி வரை ஏறினோம். இறங்கும்போது மூடுபனி வந்தது. காட்டுக்குள் சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே இருட்டிவிட்டது. இருவருக்கும் ஒரே டோர்ச், நண்பனின் கணுக்கால் சுளுக்கியிருந்தது. கடைசித் தேயிலை மலைக்கு வந்து சேர எட்டு மணியாகிவிட்டது. அதன் பிறகு, ஆறு மணிக்குப் புறப்பட்டால் பதினொன்றரைக்கு எங்கே நிற்கிறோமோ அங்கேயே திரும்புவது என்று வைத்திருக்கிறோம். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அதுதான் விதி, அப்படி ஒரு தடவை திரும்பியும் இருக்கிறோம்.

மூடுபனி சூழ்ந்தால் இருபது நிமிடம் உட்காருங்கள், பெரும்பாலும் விலகிவிடும். முகட்டு விளிம்புகள் மறைந்திருக்கும்போது நடக்கக் கூடாது. ஏறும்போதே ஒவ்வொரு கிளைப்பாதையிலும் திரும்பிப் பார்த்துப் படம் எடுத்துவையுங்கள். வழி தவறினால் ஓடையைப் பின்தொடர்ந்து இறங்க வேண்டாம், நமது மலைகளில் ஓடைகள் நீர்வீழ்ச்சிகளாகவே கீழே விழுகின்றன. கடைசியாகத் தெரிந்த இடத்துக்கு மேலேறித் திரும்புவதே பாதுகாப்பு. காயம் பெரிதானால் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து சுவசெரிய அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கங்களை அழைக்கலாம்.

இறங்கும்போது செங்குத்தான பாறைகளில் முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பியே இறங்குங்கள். விபத்துகள் அதிகம் நடப்பது களைத்த காலோடு, பேச்சில் கவனம் போன இந்த நேரத்தில்தான். ஆகவே மணிக்கொரு தடவை நின்று, மீதி ரொட்டியையும் தண்ணீரையும் தீர்த்துவிடுவது நல்லது. தேயிலைக்குள் வந்ததும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியில் நின்று, ஒருவருடைய கழுத்தையும் முதுகையும் மற்றவர் பார்த்து, ஒட்டியிருக்கும் அட்டைகளை எடுத்துவிடுங்கள். பிறகு காலையில் சொல்லிவைத்த வீட்டுக்குப் போய், வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். சொல்லாமல் ரயிலேறிவிட்டால், அந்த வீட்டு ஆட்கள் வேலை முடிந்த களைப்போடு, டோர்ச்சும் கையுமாக உங்களைத் தேடி மலைக்குப் போவார்கள்.