ஃபார்ம்ல இருக்கானா, இல்லையா? டீக்கடை பெஞ்சில் அடித்துப் பேச ஒரு வழிகாட்டி

கிரிக்கெட்டில் இந்தியா தோற்ற மறுநாள் காலை ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என எந்த டீக்கடைக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். "அவனைத் தூக்குப்பா, ஃபார்ம்லயே இல்ல." "பேட்டிங்லாம் ஓகே மச்சி, பவுலிங்தான் மொக்க." அரை மணி நேரம் சத்தம் இருக்கும், சரக்கு இருக்காது. எல்லார் கையிலும் இருப்பது சராசரி என்கிற ஒரே எண். அதை மட்டும் நம்பி பெஞ்சில் உட்கார்ந்தால், கொஞ்சம் விவரம் தெரிந்தவர் வந்ததும் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு போனும் பத்து நிமிடமும் இருந்தால் போதும், தயாராகிவிடலாம்.

முதலில் எந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சு என்று முடிவு செய்யுங்கள். டெஸ்ட், ஒருநாள், டி20 மூன்றையும் கலந்து பேசினால் வாதம் விடியவிடிய முடியாது. சாய் சுதர்சனை எடுத்துக்கொள்வோம். 2025 ஐபிஎல்லில் 759 ரன், அதிக ரன்னுக்கான ஆரஞ்சு தொப்பி. அதே கோடையில் இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் 0, 30, 61, 0, 38, 11. ஆறு இன்னிங்ஸில் 140. இரண்டும் ஒரே ஆள், சில வார இடைவெளி. டி20-யில் வெள்ளைப் பந்து ஓரிரு ஓவர்தான் வளையும், ஸ்லிப்பிலும் (கீப்பருக்குப் பக்கத்தில் கேட்சுக்கு நிற்கும் இடம்) ஆள் அதிகம் நிற்காது. இங்கிலாந்து டெஸ்டில் சிவப்பு டியூக்ஸ் பந்து, காத்திருக்கும் ஸ்லிப் வரிசை. "நம்ம பையன்" என்ற பாசத்தில் ஐபிஎல் ரன்னை டெஸ்ட் வாதத்துக்கு ஆதாரமாக வைத்தால் எதிராளி ஒரே வரியில் முடித்துவிடுவார். அவருக்காகப் பேச வேறு நல்ல வழி இருக்கிறது: லீட்ஸில் அறிமுகமானவரை அடுத்த இரண்டு டெஸ்டில் உட்கார வைத்துவிட்டு, நான்காவதில் திரும்பக் கூப்பிட்டார்கள். இதைப் பிடித்துப் பேசுங்கள், நிற்கும்.

அடுத்து, சராசரியை ஒதுக்கி வைத்துவிட்டு ஸ்கோர்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். டெஸ்ட் என்றால் கடைசி 10 இன்னிங்ஸ், டி20 என்றால் 15-க்குக் குறையாமல். எழுதியதைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். பத்து இன்னிங்ஸ் என்றால் ஐந்தாவதையும் ஆறாவதையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும்.

2025 இங்கிலாந்து தொடரில் கில் அடித்தது 754 ரன், சராசரி 75.40. பிரித்து எழுதினால்: 147, 8, 269, 161, 16, 6, 12, 103, 21, 11. அடுக்கிப் பார்த்தால் நடு எண் வெறும் 18.5. பத்தில் ஆறு முறை 21-ஐத் தாண்டவில்லை. 2018-இல் அதே இங்கிலாந்தில் கோலி: 149, 51, 23, 17, 97, 103, 46, 58, 49, 0. மொத்தம் 593, சராசரி 59.30, நடு எண் 50. சராசரியை மட்டும் பார்த்தால் கில் எங்கேயோ இருக்கிறார். ஆனால் காலையில் "இன்னைக்கு இவன் நிப்பானா?" என்று கேட்டால், 2018 கோலி மேல்தான் நம்பிக்கையாகப் பணம் கட்டலாம். சராசரியை வைத்து ஃபார்ம் சொல்வது, காசிமேட்டில் கூடையின் மேலே அடுக்கிய மீனை மட்டும் பார்த்து முழுக்கூடைக்கும் ஏலம் கேட்பது மாதிரி.

அதற்காக கில் சொதப்பினார் என்று கிளம்பிவிடாதீர்கள். எட்ஜ்பாஸ்டனில் அவர் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து அடித்த 430 ரன்தான் அந்த டெஸ்டை ஜெயித்துக் கொடுத்தது. டெஸ்டில் நான்கு பெரிய சதம், எட்டு நிதானமான அரைசதத்தைவிட அதிக ஆட்டம் ஜெயிக்கும் என்று ஒருவர் சொன்னால் அதை மறுப்பது கஷ்டம். என் கட்சியும் அதுதான்.

நாட் அவுட் கணக்கிலும் கவனம் வேண்டும். சராசரி என்பது ரன்னை, ஆடிய இன்னிங்ஸால் இல்லை, அவுட் ஆன தடவையால் வகுப்பது. 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் கோலி 9 இன்னிங்ஸில் 190, சராசரி 23.75. அதில் பெர்த்தில் அடித்த 100 நாட் அவுட். அதை எடுத்துவிட்டால் எட்டு முறை அவுட் ஆகி எடுத்தது 90 ரன்தான்.

இனி முக்கியமான இடம். எத்தனை ரன் என்பதைவிட எப்படி அவுட் என்பதைப் பாருங்கள். பெஞ்சில் இதை யாரும் பார்த்துவிட்டு வருவதில்லை, அதனால்தான் இது உங்கள் துருப்புச்சீட்டு. ஸ்கோர்கார்டைத் திறந்து ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் பக்கத்தில் ஒரே சொல் எழுதுங்கள்: கீப்பர், ஸ்லிப், எல்பி (காலில் பட்டு அவுட்), போல்டு, ரன் அவுட், தூக்கி அடித்த கேட்ச். ஒரே சொல் நான்கைந்து முறை வந்தால் அது ஓட்டை, பவுலர்களுக்குத் தெரிந்துவிட்ட ஓட்டை. சொற்கள் கலந்து வந்தால் பெரும்பாலும் நேரம் சரியில்லை, அவ்வளவுதான். மேலே சொன்ன ஆஸ்திரேலியத் தொடரில் கோலி அவுட் ஆன எட்டு முறையும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்தைத் தொட்டு, கீப்பரிடமோ ஸ்லிப் பக்கமோ கேட்ச். இதை வைத்துப் பேசினால் கோலி ரசிகரே வாயடைத்துப் போவார்.

ஆனால் ஓட்டையை அடைக்கவும் முடியும். அதே கோலி 2014 இங்கிலாந்தில் பத்து இன்னிங்ஸில் 134 ரன், ஆண்டர்சனிடம் மட்டும் நான்கு முறை அவுட். 2018-இல் கிரீஸுக்கு (பேட்ஸ்மேன் நிற்கும் கோடு) வெளியே வந்து நின்று, வளைவதற்கு முன்பே பந்தைச் சந்தித்தார். அந்தத் தொடரில் ஆண்டர்சனால் ஒரு முறைகூட அவர் விக்கெட்டை எடுக்க முடியவில்லை. இன்னொரு வழி 2004 ஜனவரியில் சிட்னியில் சச்சின் காட்டியது. கவர் டிரைவில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தவர், அந்த ஷாட்டையே பூட்டி வைத்துவிட்டு 241 நாட் அவுட். ஆகவே "ஃபார்ம் போச்சு" என்று சொல்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது: எந்தப் பந்தில் போச்சு, அதற்கு அவன் நிற்கிற இடத்தை மாத்தினானா?

பவுலர் பக்கம் வந்தால் விக்கெட் எண்ணிக்கைதான் பெரிய ஏமாற்று. 2025 இங்கிலாந்து தொடரில் சிராஜ் 23, பும்ரா 14. "பாத்தியா, சிராஜ்தான் கெத்து" என்று ஒருவர் எழுவார். சிராஜ் ஆடியது ஐந்து டெஸ்ட், பும்ரா மூன்று. வகுத்தால் ஒரு டெஸ்டுக்கு 4.6-உம் 4.67-உம். கிட்டத்தட்ட ஒன்றுதான். சிராஜைப் புகழ வேண்டுமென்றால் ஐந்து டெஸ்டிலும் ஓடி வந்து போட்டதையும், ஓவலில் கடைசி நாள் 6 ரன்னில் ஜெயிக்க வைத்ததையும் சொல்லுங்கள்.

அதே தொடரில் இன்னொரு பொறி இருக்கிறது: பும்ரா ஆடாத இரண்டு டெஸ்டிலும் இந்தியா ஜெயித்தது. "அவன் இல்லனாதான் ஜெயிக்கிறோம் மாமே" என்ற வசனம் அங்கிருந்துதான் கிளம்பியது. பதில் ஸ்கோர்கார்டிலேயே இருக்கிறது. எட்ஜ்பாஸ்டனில் பேட்டிங் 587, 427 என்று குவித்தது, ஆகாஷ் தீப் பத்து விக்கெட் எடுத்தார். பும்ரா ஆடிய லீட்ஸில் முதல் இன்னிங்ஸின் கடைசி 7 விக்கெட் 41 ரன்னுக்கு விழுந்தது, போதாததற்கு கேட்ச்களும் நழுவின. லார்ட்ஸில் அவர் முதல் இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தும், 193-ஐத் துரத்திய பேட்டிங் 170-இல் சுருண்டது. பேட்டிங் விட்டதற்குப் பவுலர் எப்படிப் பொறுப்பாவார்?

பவுலர் ஃபார்மை எடைபோட மூன்று விஷயம் போதும். எடுத்த விக்கெட்டுகளில் முதல் ஏழு பேட்ஸ்மேன்கள் எத்தனை, வால் (கடைசியில் வரும் பவுலர்கள்) எத்தனை. அவர் பந்தில் எத்தனை கேட்ச் நழுவியது. எந்தக் கட்டத்தில் போட்டார். டி20-யில் மூன்றாவதுதான் உயிர். ஓவருக்கு 8 ரன் கொடுப்பது நடு ஓவரில் சுமார், கடைசி நான்கு ஓவரில் பிரமாதம். 2024 டி20 உலகக் கோப்பை இறுதியில் பும்ராவின் கணக்கு 18 ரன், 2 விக்கெட். ஆனால் அந்த ஆட்டத்தைத் திருப்பியது 16, 18 ஆகிய இரண்டு ஓவரில் சேர்த்து அவர் கொடுத்த 6 ரன். எக்கானமியை, அதாவது ஓவருக்கு எத்தனை ரன் என்பதை மட்டும் படித்தால் இது தெரியாது.

பிட்சையும் பந்தையும் விடாதீர்கள். டெஸ்டில் ஊருக்கு ஊர் பந்து கம்பெனி வேறு: இங்கே எஸ்ஜி, இங்கிலாந்தில் டியூக்ஸ், ஆஸ்திரேலியாவில் கூக்கபரா. டெஸ்டில் 80 ஓவருக்குப் பிறகு புதுப் பந்து. 70-ஆவது ஓவரில் ஸ்பெல் போட்டவரையும் 81-இல் வந்தவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஒருநாள் ஆட்டத்தில் 2025 ஜூலையிலிருந்து 34 ஓவருக்குப் பிறகு ஒரே பந்துதான், அதனால் பழைய டெத் ஓவர் (கடைசி ஓவர்கள்) கணக்குகளை அப்படியே ஒப்பிட முடியாது.

பிட்சுக்கு நம்ம சேப்பாக்கத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2021 பிப்ரவரியில் முதல் டெஸ்டில் ரூட் 218 அடித்து இங்கிலாந்து 227 ரன்னில் ஜெயித்தது. அடுத்த வாரமே அதே மைதானத்தில், வேறு பிட்சில், அதே இங்கிலாந்து 134-க்கும் 164-க்கும் ஆல் அவுட். அஷ்வின் 8 விக்கெட்டோடு 106 ரன்னும் அடிக்க, இந்தியா 317 ரன்னில் ஜெயித்தது. ஒரே வாரத்தில் ஒரு டீமின் ஃபார்ம் அப்படிப் புரளாது. புரண்டது டாஸும் மண்ணும்.

சுழலுக்கு எதிராக நம்ம ஆட்களின் பேட்டிங் பற்றிப் பேசும்போது மட்டும் பிட்சைச் சாக்காகச் சொல்லித் தப்பிக்க முடியாது. 2024-இல் நியூசிலாந்து இங்கே வந்து 3-0, புனே டெஸ்டில் சான்ட்னர் மட்டும் 13 விக்கெட். 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்கா 2-0, கொல்கத்தாவில் 124-ஐத் துரத்தி 93-இல் அவுட். திரும்பத் திரும்ப நடந்தால் அது பழக்கம்.

சின்னக் கணக்கை வைத்துத் தீர்ப்பு சொல்வதுதான் பெஞ்சில் அதிகம் நடக்கும் தப்பு. 2024 டி20 உலகக் கோப்பையில் இறுதிக்கு முன் ஏழு இன்னிங்ஸில் கோலி எடுத்தது 75, இறுதியில் மட்டும் 76. 2025 மகளிர் உலகக் கோப்பையில் லீக்கில் வரிசையாக மூன்று தோல்வி, நடுவில் ஜெமிமாவையே ஒரு ஆட்டத்துக்கு உட்கார வைத்தார்கள். அரையிறுதியில் 339-ஐத் துரத்தி அவர் 127 நாட் அவுட், நவம்பர் 2 அன்று கோப்பை. தேசிய அணி என்றதும் பெஞ்சில் இந்த டீமை மறந்துவிடுகிறார்கள், அது வேறு கதை.

பேச்சு முறை பற்றியும் கொஞ்சம். வயதில் பெரியவர் "1983-ல சேப்பாக்கத்துல கவாஸ்கர் 236 அடிச்சார் தெரியுமா?" என்று ஆரம்பித்தால் "ஆமாண்ணே" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது ஃபார்ம் பேச்சு இல்லை, எதிர்த்தால் டீ ஆறிவிடும். கூட்டாளியிடம் "இன்னாடா, எந்த மேட்ச்ல?" என்று ஆட்டத்தைக் கேளுங்கள். பாதி வாதம் அங்கேயே படுத்துவிடும்.

அப்படியும் முடியவில்லை என்றால் பந்தயம் கட்டுங்கள், காசுக்கு வேண்டாம், டீக்கும் பட்டர் பிஸ்கட்டுக்கும். நிபந்தனையை முன்கூட்டியே போனில் எழுதிவிட வேண்டும்: யார், எந்த ஆட்டம், அடுத்த எத்தனை இன்னிங்ஸ், நடு எண் எவ்வளவு. "நல்லா ஆடுவான்" என்று எழுதினால் பிறகு ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். "அடுத்த 6 டெஸ்ட் இன்னிங்ஸில் நடு எண் 30-க்கு மேல்" என்று எழுதுங்கள். காயம்பட்டு விலகினால் பந்தயம் ரத்து, அவரவர் டீக்கு அவரவர் காசு.