இன்க்ளினோமீட்டர் கேசிங்கை மேலிருந்து அழுத்தாதீர்கள்

இன்க்ளினோமீட்டர் என்பது, மண்ணில் பதித்த குழாய்க்குள் (அதுதான் கேசிங்) சக்கரம் வைத்த ப்ரோப்பைக் கேபிளில் இறக்கி, ஆழத்துக்கு ஆழம் சாய்வைப் படிக்கும் கருவி. சக்கரத்தைத் துடைப்பது, கேபிளை முறுக்கில்லாமல் சுற்றுவது எல்லாம் புதியவர்களுக்கு இரண்டே நாளில் பழகிவிடும். மண்ணின் நகர்வையும் அமிழ்வையும் அளக்கும் துளைகளில் திருத்தவே முடியாத தவறுகள் பெரும்பாலும் கேசிங் இறக்கும் நாளிலேயே நடந்துவிடுகின்றன.

மிதக்கும் கேசிங்கின் தலையில் ரிக்கை வைப்பது

கேசிங்கைச் சுற்றி நிரப்பும் சிமெண்ட் குழம்பான கிரவுட் ஏற ஏறக் கேசிங் மேலே கிளம்பும். உடனே துளையிடும் இயந்திரமான ரிக்கைக் கொண்டு அமுக்கிவிடுகிறார்கள். இன்றும் இதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. எவ்வளவு விசையில் மிதக்கும் என்பதை முதல் நாளே கணக்குப் போட்டிருக்கலாம்.

வெளிவிட்டம் 70 மி.மீ., உள்விட்டம் 59 மி.மீ. உள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக் கேசிங், மீட்டருக்கு 3.85 லிட்டர் கிரவுட்டை விலக்குகிறது. கிரவுட்டின் அடர்த்தி லிட்டருக்கு 1.3 கிலோ என்றால் மேலே தள்ளும் விசை மீட்டருக்கு 5 கிலோ. கேசிங்கின் எடையோ 1.2 கிலோதான். அப்படியானால் 30 மீட்டர் வெற்றுக் கேசிங்கை அடக்க 110 கிலோவுக்கு மேல் வேண்டும். உள்ளே தண்ணீர் நிரப்பினால் மீட்டருக்கு 2.7 கிலோ கூடி, மொத்தத்தில் 33 கிலோ அளவே மிஞ்சும். அவ்வளவு இரும்பு எடையைக் கேசிங்கின் அடிமூடியில் கட்டித் தொங்கவிடுங்கள். இரும்பும் கிரவுட்டுக்குள் எடை குறையும் என்பதால் 40 கிலோவுக்குச் சற்று மேலேயே வையுங்கள். எடை கட்ட வழியில்லையென்றால், கேசிங்கின் உள்ளே அடிவரை இரும்புக் குழாயை இறக்கி, கிரவுட் இறுகும்வரை விட்டுவைக்கலாம்.

தலையில் அழுத்தினால் கேசிங் துளைக்குள் நெளிந்து, அந்த நெளிவோடே இறுகிவிடும். அதன்பின் சாய்வு ஆழத்துக்கு ஆழம் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை கேபிள் குறி இரண்டு செ.மீ. தள்ளி நின்றாலும் ப்ரோப் வேறொரு சாய்வைப் படிக்கும். அரை மீட்டருக்கு ஒன்றாக அந்தப் பிழைகள் சேர்ந்து, வரைபடத்தில் பெரிய நகர்வாகத் தெரியும். மண் அசைந்தே இருக்காது. ஆனாலும் அகழ்வு நிற்கும், கூட்டம் கூடும், கூடுதல் முட்டுகள் வரும். புதுத் துளை போடுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

அடிமுனை அசையும் மண்ணில் நிற்பது

அசையாத அடுக்குக்குள் குறைந்தது 3 மீட்டர், முடிந்தால் 6 மீட்டர் இறக்குங்கள்.

பென்டோனைட்டை முதலில் கொட்டுவது

கிரவுட் கலக்கும்போது முதலில் தண்ணீரும் சிமெண்டும், தண்ணீரில் ஊதும் களிமண் தூளான பென்டோனைட் கடைசியில். நடுத்தரம் முதல் கெட்டியான மண் வரை, எடைக்கணக்கில் தண்ணீர் 2.5, சிமெண்ட் 1, பென்டோனைட் 0.3. பென்டோனைட் முந்திக்கொண்டால், கலவையைக் குழையவைக்கத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். சிமெண்டுக்கும் தண்ணீருக்குமான விகிதம் கைவிட்டுப் போகும். இறுகிய கிரவுட் எவ்வளவு வலுவாக இருக்கும் என்பதை அதன்பின் சொல்ல முடியாது.

ஒரே ஒரு அடிப்படை ரீடிங்

கிரவுட் இறுகிய பிறகு, குறைந்தது இரண்டு முழுத் தொகுப்புகள் எடுங்கள். ப்ரோப் துளையின் வெப்பநிலைக்கு வரும்வரை, பத்து நிமிடமாவது அடியில் நிற்கட்டும். ப்ரோப்பை ஒரு திசையில் (0 டிகிரி) வைத்தும், திருப்பி (180 டிகிரி) வைத்தும் எடுத்த ரீடிங்குகளின் கூட்டுத்தொகை எல்லா ஆழத்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் ஆழத்தில் மட்டும் விலகினால், பெரும்பாலும் சக்கரம், கேசிங் துண்டுகளை இணைக்கும் கப்ளிங்கின் மேல் நிற்கிறது.

காந்த எக்ஸ்டென்சோமீட்டரைக் குழாய் வாயிலிருந்து கணக்கிடுவது

காந்த எக்ஸ்டென்சோமீட்டர், குழாயைச் சுற்றி மண்ணில் பதித்த காந்தங்களின் ஆழத்தைப் படித்து அமிழ்வை அளப்பது. குழாயின் வாயும் மண்ணோடு சேர்ந்து இறங்கும். அசையாத அடுக்கில் பதித்த அடிக்காந்தத்திலிருந்து கணக்கிடுங்கள். அடிக்காந்தம் இல்லாத துளையில், ஒவ்வொரு முறையும் குழாய் வாய்க்கு லெவல் எடுத்தே ஆக வேண்டும்.