கார் கிளப்ல சேரப் போறீங்களா? எப்படி தேர்ந்தெடுக்கிறது, சேர்ந்தப்புறம் அதை எப்படி முழுசா அனுபவிக்கிறது

கார் ஓனர்ஸ் கிளப்னு சொன்னதும் நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது பின்னாடி கண்ணாடியில ஒட்டுற ஸ்டிக்கர், ஒரே கலர் டீஷர்ட், வரிசையா நிறுத்தி எடுக்கிற போட்டோ இதெல்லாம்தான். அதுவும் இருக்கு, நல்லாவும் இருக்கும், ஆனா கிளப்போட உண்மையான சந்தோஷம் அது இல்ல. உங்ககிட்ட இருக்கிற அதே வண்டியை, அதே இன்ஜினை, உங்களுக்கு முன்னாடியே வாங்கி, உங்களை விட அதிகமா ஓட்டி, கழட்டி, மாட்டி, ரசிச்சு வச்சிருக்கிற ஆளுங்க கூட பக்கத்துல நின்னு பேசுறது இருக்கு பாருங்க, அதுதான். நாம தனியா ஒரு வண்டியை ஓட்டி ஒரு மெக்கானிக்கிட்ட காட்டி தெரிஞ்சுக்கிறது ரொம்ப கொஞ்சம், அதே மாடல் ஐம்பது வண்டியோட கதை ஒரே இடத்துல கிடைக்கும்போது உங்க வண்டிக்கு அடுத்து என்ன வரும்ங்கிறது கூட முன்னாடியே தெரிஞ்சு போயிடும்.

இது இன்னைக்கு நேத்து ஆரம்பிச்ச விஷயம் இல்லைங்க. இங்கிலாந்துல எம்ஜி கார் கிளப் 1930லயே ஆரம்பிச்சாச்சு, பென்ட்லி டிரைவர்ஸ் கிளப் 1936ல, அமெரிக்காவுல போர்ஷே கிளப் 1955ல. பல நேரம் கம்பெனி கைவிட்ட வண்டியை காப்பாத்துனதே ஓனருங்கதான். டிரையம்ஃப் ஸ்டாக்னு ஒரு கார், 1970ல வந்து 1977ல நின்னு போச்சு, டிரையம்ஃப் கார் தயாரிப்பே பின்னாடி இல்லாம போச்சு, ஆனா அந்த ஸ்டாக் ஓனர்ஸ் கிளப் ஆளுங்க கிடைக்காத பார்ட்ஸை திரும்ப செய்யறதுக்கான டூலிங்குக்குன்னே, அதாவது அச்சு, கருவிகளுக்குன்னே, தனியா ஒரு நிதி வச்சு நடத்துறாங்க. ஆஸ்டின் செவன்ங்கிற பழைய சின்ன காரோட ஓனருங்களுக்காக 1939ல ஆரம்பிச்ச 750 மோட்டார் கிளப் இன்னொரு ரகம், சின்ன பட்ஜெட்ல ரேஸ் கார் கட்டுறவங்களோட இடமா அது மாறுச்சு. லோட்டஸ் கார் கம்பெனியை ஆரம்பிச்ச காலின் சாப்மன் தன்னோட முதல் காரை கட்டுனதும் ஒரு பழைய ஆஸ்டின் செவனை வச்சுதான், அப்புறம் அந்த கிளப் ரேஸ்கள்ல ஓட்டித்தான் மேல வந்தாரு. ஒரே வண்டி வச்சிருக்கிற நாலு பேர் சேர்ந்தா எது வரைக்கும் போகலாம்னு பாருங்க.

சரி, எப்படி தேர்ந்தெடுக்கிறது? கிளப்புல பல வகை இருக்கு. ஒரே மாடலுக்கானது, ஒரு பிராண்டுக்கே ஆனது, பழைய வண்டிகளுக்கானது, ஆஃப்ரோடு இல்லன்னா ரேஸ் டிராக்ல ஓட்டுறதுக்கானது. வண்டியை நல்லா புரிஞ்சுக்கணும், சொந்தமா கை வச்சு வேலை பார்க்கணும்னா மாடல் கிளப்தான் பெஸ்ட், கண்ணை மூடிட்டு சொல்லுவேன். ஊர் சுத்தணும், விதவிதமான வண்டி பார்க்கணும்னா பிராண்ட் கிளப் போங்க. பழைய வண்டின்னா விதிமுறை கொஞ்சம் கறாரா இருக்கும், உலக அளவுல பழைய வண்டி கிளப்புகளை சேர்த்து வச்சிருக்கிற ஃபிவா அமைப்பு கணக்குப்படி 30 வருஷமாவது ஆகியிருக்கணும், அந்த காலத்துல இருந்த மாதிரியே பராமரிச்சிருக்கணும், தினசரி ஓட்டுற வண்டியா இருக்கக்கூடாது. உங்களுக்கு லீவு கிடைச்சா அன்னைக்கு வண்டியோட என்ன பண்ண ஆசைன்னு யோசிங்க, எந்த கிளப்னு தானா தெரிஞ்சுடும்.

இன்னொண்ணு, இதை யாரும் அதிகமா சொல்றது இல்ல, கிளப்ல சேர சரியான நேரம் வண்டி வாங்குறதுக்கு முன்னாடிதான்! நிறைய கிளப்புல வண்டி இல்லாதவங்களையும் விருந்தாளியாவோ துணை உறுப்பினராவோ சேர்த்துப்பாங்க. ஷோரூம்ல நீங்க பார்க்கிறது பிளாஸ்டிக் கவர் பிரிக்காத புது வண்டி, கிளப்ல பார்க்கிறது அதே வண்டி 1,00,000 கிலோமீட்டர் ஓடினப்புறம் எப்படி இருக்கும்ங்கிறது. சீட்டு நுரை அமுங்கியிருக்கா, டேஷ்போர்டு சத்தம் போடுதா, கிளட்ச் எப்ப மாத்தினாங்க, எந்த வருஷ மாடல்ல எந்த பிரச்சனை இருந்து அடுத்த வருஷம் கம்பெனியே சரி பண்ணுச்சு, எல்லாம் நேர்ல கேட்டு தெரிஞ்சுக்கலாம். செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்களுக்கு இதை விட பெரிய உதவி கிடையாது, ஏன்னா மெம்பர் ஒருத்தர் விக்கிற வண்டியோட வரலாறு கிளப்ல பாதி பேருக்கு தெரிஞ்சிருக்கும், மறைக்க ஒண்ணும் இருக்காது.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி கிளப் ஆளுங்க கூடுற ஒரு மீட்டுக்கு சும்மா போய் பாருங்க. நான் முதல்ல பார்க்கிறது ஒரே விஷயம்தான், பேஸ் வேரியன்ட் வச்சிருக்கிறவரையும் டாப் மாடல் வச்சிருக்கிறவரையும் ஒரே மாதிரி நடத்துறாங்களாங்கிறது. புதுசா வந்தவர் அடிப்படையான கேள்வி கேட்டா பொறுமையா பதில் வருதா, இல்ல சிரிக்கிறாங்களா? வரவு செலவு கணக்கை மெம்பருங்களுக்கு காட்டுறாங்களா? எந்த பிரச்சனை சொன்னாலும் ஒரே கடையை கை காட்டுறாங்கன்னா கொஞ்சம் யோசிங்க. பொது ரோட்டுல ரேஸ் விடுற கூட்டம்னா யோசிக்கவே வேணாம், அன்னைக்கே கிளம்பிடுங்க, மத்தவங்க உயிரோட விளையாடுறவங்க கிட்ட கத்துக்க ஒண்ணும் இல்ல.

சேர்றது சுலபம்தான், ஃபார்ம், வண்டி பேப்பர் காப்பி, சந்தா, அவ்வளவுதான். பேப்பர் காப்பியை கிளப் நிர்வாகிகிட்ட மட்டும் குடுங்க, பொது குரூப்ல போடாதீங்க.

முதல் மீட்டுக்கு வண்டியை பளபளன்னு தொடைச்சு எடுத்துட்டு போகணும்னு கட்டாயம் இல்ல. அதுக்கு பதிலா சர்வீஸ் ரெக்கார்டை கொண்டு போங்க, கூடவே உங்க வண்டியில உங்களுக்கு உறுத்துற ஒரே ஒரு கேள்வியையும். "வண்டி எப்படி இருக்கு"ன்னு பொதுவா கேட்டா பதிலும் பொதுவாதான் வரும், "மூணாவது கியர்ல மெதுவா போகும்போது ஒரு நடுக்கம் வருது, உங்களுக்கும் வருதா"ன்னு கேட்டு பாருங்க, அஞ்சு நிமிஷத்துல பத்து பேர் சுத்தி நிப்பாங்க. மத்தவங்க வண்டியை கேட்காம தொடாதீங்க, கதவை திறக்காதீங்க, முக்கியமா சாஞ்சு நிக்காதீங்க, பெல்ட் பக்கிளும் ஜீன்ஸ் பட்டனும் வாட்ச்சும் பெயின்ட்ல போடுற கோடு லேசுல போகாது.

கிளப்போட உயிர் எங்க இருக்குன்னா, பானட்டை திறந்து வச்சுட்டு எல்லாரும் சேர்ந்து வேலை பார்க்கிற நாள்லதான் இருக்கு. எங்க கிளப்ல ஒரு அண்ணன் இருக்காரு, சத்தத்தை வச்சே பார்ட்டை சொல்லிடுவாரு. ஒரு தம்பி வந்து "அண்ணே, முன்பக்கம் கடகடன்னு சத்தம் வருது, ஷாக் அப்சார்பர் போச்சுன்னு சொல்றாங்க, ரெண்டையும் மாத்தணுமாம்"னு வருத்தமா சொன்னான். அண்ணன் பானட்டை கூட திறக்கல. பக்கத்து சீட்ல ஏறி உக்காந்து கண்ணாடியை இறக்கி விட்டுட்டு "ஸ்பீடு பிரேக்கர்ல ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறுற மாதிரி நேரா மெதுவா ஏத்துப்பா"ன்னாரு. சத்தமே இல்ல. "இப்ப இடது சக்கரம் மட்டும் ஏறுற மாதிரி ஓரமா ஏத்து"ன்னாரு. கடக்னு ஒரு சத்தம். "ஷாக் இல்லப்பா, ஸ்டெபிலைசர் லிங்க்கா இருக்கும், ஜாக் போட்டு பார்த்துடலாம்"னு இறங்கிட்டாரு. ஏன்னா அந்த ஸ்டெபிலைசர் பார் ரெண்டு பக்கமும் இணைச்சிருக்கிற கம்பி, ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறி இறங்கினா அது சும்மா சுத்திக்கும், ஒரு பக்கம் மட்டும் ஏறும்போதுதான் முறுக்கிக்கும், அப்பதான் தேஞ்ச ஜாயின்ட் ஆடி சத்தம் போடும். வண்டியை தூக்கி லிங்க்கை கையால ஆட்டினா அதோட பால் ஜாயின்ட் லொடலொடன்னு ஆடுச்சு. ஷாக் விலையோட பார்த்தா அந்த லிங்க் ரொம்ப சின்ன செலவு. காசு மிச்சம் ஆனதை விட பெருசு, அந்த தம்பியும் சுத்தி நின்ன நாங்க எல்லாரும் அன்னைக்கு அந்த சோதனையை கத்துக்கிட்டோம், இனி யாரு எங்க வண்டிக்கு ஷாக் போச்சுன்னு சொன்னாலும் முதல்ல ஒரு பக்கம் ஏத்தி பார்ப்போம். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு திருப்பும்போது டிக் டிக்னு வந்தா சக்கரத்துக்கு இன்ஜின் சக்தியை கொண்டு போற சிவி ஜாயின்ட்டை பாருன்னும் அதே நாள்லதான் சொல்லி குடுத்தாரு.

இப்படி வேலை பார்க்கிற நாளுக்கு டூல்ஸ் எல்லாம் பொதுவுல இருக்கும். நட்டை சரியான அளவு இறுக்குற டார்க் ரெஞ்ச், சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அமுக்கி பிடிக்கிற ஸ்பிரிங் கம்ப்ரஸர், இன்ஜின் டைமிங்கை லாக் பண்ற டூல் இதெல்லாம் ஒரு தனி ஆளு வாங்கி வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிறதுல அர்த்தம் இல்ல, கிளப் வாங்கி வச்சா எல்லாருக்கும் ஆச்சு. வண்டி கம்ப்யூட்டர்ல பதிவாகுற கோளாறை படிக்கிற ஸ்கேனரும் அப்படித்தான், ஸ்டியரிங்குக்கு கீழ இருக்கிற 16 பின் ஓபிடி சாக்கெட் அமெரிக்காவுல 1996ல கட்டாயம் ஆனதுல இருந்து உலகம் பூரா பரவிடுச்சு, எந்த ஸ்கேனர் மாட்டினாலும் பொதுவான எரர் கோடு வந்துடும், ஆனா உங்க பிராண்டுக்கே உரிய ஏபிஎஸ், ஏர்பேக், கியர்பாக்ஸ் கோடெல்லாம் படிக்கிற நல்ல ஸ்கேனர் கிளப்ல இருந்தா தனி பலம். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு கீழ யாரும் போகக்கூடாது, ஜாக் ஸ்டாண்டு வச்சே ஆகணும், இதுல சீனியர் ஜூனியர் பார்க்காதீங்க, யார் மீறினாலும் சத்தம் போட்டு நிறுத்துங்க.

பார்ட்ஸ், டயர் எல்லாம் மொத்தமா சேர்ந்து வாங்கினா விலை குறையும். டயர் வாங்கும்போது மட்டும் பக்கவாட்டுல DOTனு ஆரம்பிக்கிற எழுத்து வரிசையோட கடைசி நாலு எண்ணை பாருங்க, 2324னு இருந்தா 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பழைய ஸ்டாக்கை தள்ளி விடுறாங்களான்னு தெரிஞ்சுடும்.

அடுத்து சேர்ந்து போற டிரைவ், இதுக்காகவே கிளப்ல சேர்றவங்க இருக்காங்க, எனக்கும் ரொம்ப பிடிச்ச பகுதி இது. ஒரே மாடல் வண்டிங்க வளைவுல ஒண்ணு பின்னாடி ஒண்ணு திரும்புறதை கண்ணாடியில பார்க்கிறப்ப வர்ற சந்தோஷமே வேற! ஆனா ஒழுங்கு இல்லாத கான்வாய் ஆபத்து. முன்னாடி ரூட் தெரிஞ்ச ஒருத்தர், கடைசியில அனுபவம் உள்ள ஒருத்தர், இந்த ரெண்டு பேரும் முதல்லயே முடிவாயிடணும். மெதுவா ஓட்டுறவரை, புதுசா வந்தவரை ரெண்டாவது இடத்துல விடுங்க, கடைசியில விட்டா அவர் பாவம் துரத்திக்கிட்டே வரணும், முன்னாடி வண்டி லேசா வேகம் ஏத்தினா கூட பின்னாடி வர வர இடைவெளி பெருசாகி கடைசி வண்டி ரொம்ப வேகமா போக வேண்டி வரும். பத்து பதினஞ்சு வண்டி இருந்தா அஞ்சு அஞ்சா பிரிச்சு போறது நல்லது, மத்த வண்டிங்களும் நடுவுல நுழைஞ்சு போக வழி இருக்கும். நான் புதுசா வர்ற எல்லாருக்கும் சொல்றது, உங்க பின்னாடி வர்ற வண்டி உங்க பொறுப்பு. திருப்பத்துல பின்னாடி வர்றவர் உங்களை பார்க்கிற வரைக்கும் ஓரமா நின்னுட்டு அப்புறம் போங்க, இதை எல்லாரும் செஞ்சா யாரும் தொலைய மாட்டாங்க. முன்னாடி போனவர் ஓவர்டேக் பண்ணிட்டாருங்கிறதுக்காக நீங்களும் ஒட்டிக்கிட்டே போகாதீங்க, உங்களுக்கு ரோடு தெரிஞ்சாதான் ஏறணும். வரும்போதே டேங்க் ஃபுல் பண்ணிட்டு வாங்க, காத்து டயர் சூடாகுறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க, சூடானப்புறம் பார்த்தா அளவு அதிகமா காட்டும். ஸ்டெப்னியிலயும் காத்து இருக்கான்னு பாருங்க, நிறைய பேர் மறக்கிறது அதுதான்.

ரேஸ் டிராக்ல சொந்த வண்டியை ஓட்டி பார்க்கிற டிராக் டே போறீங்கன்னா ஹெல்மெட், நல்ல டயர், வீல் நட் இறுக்கம் இதோட பிரேக் ஃப்ளூயிடையும் பாருங்க, அது காத்துல இருந்து ஈரத்தை இழுத்துக்கும், பழசா இருந்தா சூட்டுல கொதிச்சு பெடல் மெத்துனு உள்ள போயிடும். சாதாரண இன்ஷூரன்ஸ் டிராக்ல நடக்கிறதுக்கு பெரும்பாலும் வராது, பாலிசியை படிச்சுட்டு போங்க.

கிளப்ல சொல்ற எல்லாத்தையும் அப்படியே எடுத்துக்கணும்னும் இல்ல. ஆயில் கிரேடுன்னு பேச்சு ஆரம்பிச்சா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க, நீங்க ஓனர்ஸ் மேனுவல்ல போட்டிருக்கிறதை ஊத்துங்க. யாராவது ஒரு வைத்தியம் சொன்னா "உங்க வண்டியில செஞ்சீங்களா, அப்புறம் எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சு"ன்னு மரியாதையா கேளுங்க, செஞ்சவர் விவரமா சொல்வாரு, கேள்விப்பட்டதை சொல்றவர் தயங்குவாரு. மாடிஃபிகேஷன் பண்றதுக்கு முன்னாடி வாரன்டியும் இன்ஷூரன்ஸும் என்ன ஆகும்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

நீங்க திருப்பி குடுக்க வேண்டியதும் இருக்கு, அதுக்கு பெரிய மெக்கானிக்கா இருக்கணும்னு இல்ல. உங்க வண்டியில என்ன பிரச்சனை வந்துச்சு, எத்தனை கிலோமீட்டர்ல வந்துச்சு, எந்த பார்ட் நம்பர் போட்டீங்க, சரியாச்சான்னு நாலு வரி எழுதி வைங்க. சரியாகலன்னாலும் எழுதுங்க, அதுதான் அடுத்தவருக்கு இன்னும் உபயோகம். இப்படி முப்பது நாப்பது பேர் எழுதினதை சேர்த்து பார்த்தா, இந்த வாட்டர் பம்ப் இத்தனை கிலோமீட்டர்ல போகுதுங்கிற கணக்கு தானா வந்துடும், கம்பெனிகிட்ட போய் கேட்கிறதுக்கும் ஒரு ஆளு கேட்கிறதை விட அந்த லிஸ்ட்டோட போனா மதிப்பு அதிகம். வீட்ல இருக்கிறவங்களையும் கூட்டிட்டு வாங்க, குறிப்பா உங்க வண்டியை உங்களை விட அதிகமா ஓட்டுறவங்க வீட்லயே இருந்தா அவங்கதான் கிளப்புக்கு முக்கியமான ஆளு, வண்டியில சின்ன மாற்றம் வந்தா முதல்ல கண்டுபிடிக்கிறது அவங்கதான்.

ஒரு நாள் வண்டியை விக்க வேண்டி வரும். சர்வீஸ் ஃபைல், மாத்தின பார்ட்ஸ் பில், நீங்க எழுதி வச்ச குறிப்பு எல்லாத்தையும் வாங்குறவர் கையில குடுங்க, அப்படியே அடுத்த மீட்டுக்கு அவரையும் கூட்டிட்டு வந்து அறிமுகப்படுத்தி விடுங்க. நீங்க அடுத்து வேற மாடல் வாங்கினாலும் பழைய கிளப்ல உறுப்பினரா இருக்கலாமான்னு நிர்வாகிகிட்ட கேளுங்க, நிறைய இடத்துல விடுவாங்க, ஏன்னா அந்த வண்டியை பல வருஷம் ஓட்டின ஆளோட அனுபவம் புதுசா வாங்குற எல்லாருக்கும் வேணும்.