குங்ஃபூ சேர்ந்த முதல் மூன்று மாதத்தில் செய்யக்கூடாதவை

வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு வயது 34. பக்கத்தில் நின்றவன் ஆறாம் வகுப்புப் பையன். இரண்டாவது வாரமே அவன் குதிரை நிலையில் என்னைவிடக் கீழே இறங்கி, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் உட்கார்ந்திருந்தான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தொடை தரைக்குச் சமமாக வரும்வரை நானும் இறங்கினேன். மூன்றாம் நாள் வீட்டு மாடிப்படி இறங்கும்போது வலது முட்டிக்குள் ஊசி குத்தியது போல ஒரு வலி. பத்து நாள் வகுப்பு போச்சு.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் அடிபடுவது சண்டையில் இல்லை, இந்தக் குதிரை நிலையில்தான். சீனத்தில் ‘மா பூ’ என்பார்கள். பார்க்க நாற்காலி இல்லாமல் உட்காருவது மாதிரி இருக்கும், அவ்வளவு சுலபமாகவும் தெரியும். தொடை சோர்ந்ததும் முட்டி இரண்டும் தானாக உள்ளே சாயும். கால்விரல் ஒரு பக்கம், முட்டி இன்னொரு பக்கம் பார்த்தால் உடம்புப் பாரம் திருகலாக மூட்டில் இறங்குகிறது. சோதிக்க எளிய வழி உண்டு: நின்றபடியே குனிந்து பாருங்கள். முட்டிக்கு உள்பக்கமாகக் கால் கட்டைவிரல் தெரிய வேண்டும். முட்டி அதை மறைத்தால் சாய்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். கொஞ்சம் மேலே எழுந்து, முட்டியைத் திறந்து வைத்து, 30 வினாடி நின்றால் போதும். தொடை எரியும், எரியட்டும். முட்டிக்குள் குத்தினால் மட்டும், மாஸ்டர் எண்ணி முடிக்கவில்லை என்றாலும் எழுந்துவிடுங்கள். பழைய அடி, ஆபரேஷன், மூச்சிரைப்பு இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

காலை விரித்து உட்காரும் ஸ்பிளிட்டிலும் இதே அவசரம்தான். யாராவது முதுகில் ஏறி அழுத்தினால்தான் கால் விரியும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. உடம்பு சூடேறாமல் அழுத்தினால் தொடை இடுக்குத் தசை பிய்யும். அது ஆற மாதக்கணக்கில் ஆகும்.

வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். கத்திரி நாட்களில் 40 டிகிரி இங்கே சாதாரணம். சாயங்காலம் ஆறு மணிக்கு வெயில் இறங்கியிருக்கும், மொட்டைமாடித் தரை இறங்கியிருக்காது. வெறுங்காலில் அரை மணி நேரம் காலைத் தேய்த்துத் திரும்பினால் உள்ளங்காலில் கொப்புளம் கட்டிவிடும். மே மாதம் சேருவதென்றால் விடியற்காலை வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர் பாட்டிலோடு உப்புப் போட்ட மோரும் கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வகுப்பு முடிந்த பிறகுதான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உதைக்கப் போன நண்பர் ஒருவர் என்ன ஆனார் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

இது இரும்பு தூக்கும் ஊர். 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். ஜிம்மிலிருந்து நேராக குங்ஃபூவுக்கு வரும் பையன்களும் உண்டு. பலம் இருக்கும், ஆனால் குத்தும்போது தோள் காது வரை ஏறிக்கொள்ளும், மூச்சை அடக்கிக்கொள்வார்கள், பத்துக் குத்தில் களைத்துப்போவார்கள். தோளைத் தொங்கவிட்டு, குத்தும்போது மூச்சை வெளியே விட வேண்டும். இன்னொன்று, கட்டைவிரலை மடக்கிய விரல்களுக்குள் ஒளித்து வைப்பது. அப்படியே பேடில் குத்தினால் உடைவது அந்த விரல்தான். அது வெளியே, மடக்கிய விரல்களின் மேல் படிந்திருக்க வேண்டும். மணிக்கட்டும் மடங்கக் கூடாது.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் பலர் கட்டணத்தையும் தூரத்தையும் மட்டும் பார்க்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒரு முழு வகுப்பு ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். புதியவர்களின் காலை மாஸ்டர் வந்து திருத்துகிறாரா, சீனியர் பையனிடம் விட்டுவிட்டு போனைப் பார்க்கிறாரா? சேர்ந்து ஒரு வாரம் ஆனவனைப் பல் கார்டு கூட இல்லாமல் சண்டைக்கு இறக்குகிறார்களா? நான் முதலில் விசாரித்த ஓர் இடத்தில் ஆறு மாதத்தில் பிளாக் பெல்ட் என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன். கலர் பெல்ட் ஜப்பானிய ஜூடோவிலிருந்து பரவியது, பழைய குங்ஃபூவில் கிடையாது. பெல்ட் கொடுப்பதாலேயே ஒரு பள்ளி மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெல்ட் டெஸ்ட் எத்தனை மாதத்துக்கு ஒன்று, அதற்குத் தனியாக எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளை போட்டிக்குப் போக வேண்டும் என்று நினைக்கிற பெற்றோர் அந்தப் பள்ளியில் வூஷூ உண்டா என்று கேட்க வேண்டும். குங்ஃபூவின் விளையாட்டு வடிவம் அது. தனியாகச் செய்துகாட்டுவது தாவ்லு, நேருக்கு நேர் மோதுவது சாண்டா. 1990 முதல் ஆசிய விளையாட்டில் இருக்கிறது. 2023-ல் ஹாங்சோவில் நடந்த போட்டியில் மணிப்பூரின் ரோஷிபினா தேவி சாண்டாவில் வெள்ளி வாங்கினார்.

சுவரில் போதிதர்மர் படம் மாட்டாத வகுப்பு நம் பக்கத்தில் அபூர்வம். சீனாவுக்குக் குங்ஃபூவைக் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் அவருடைய காஞ்சிபுரம் பக்கத்து ஊர் என்ற பெருமை வேறு. அந்தப் பெருமையோடு ரகசிய வித்தையை எதிர்பார்த்து வருகிறவர்கள் இரண்டே வாரத்தில் ஏமாந்து நின்றுவிடுகிறார்கள். அவர் பெயரில் சொல்லப்படும் தசைநார்ப் பயிற்சி நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அவருக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது. சீனாவில் மிங் அரசர்கள் காலத்தில் ஷாவோலின் மடத்துத் துறவிகள் பேர் வாங்கியது கம்புச் சண்டையில். சிலம்பம் ஆடிய கால் உங்களுக்கு இருந்தால் அது பெரிய வரவு, ‘அதை மறந்துவிட்டு வாருங்கள்’ என்று யார் சொன்னாலும் மறக்காதீர்கள்.

நன்சாக்கு (சங்கிலியால் இணைத்த இரட்டைக் கட்டை) வாங்கத் துடிக்கும் கையையும் கொஞ்சம் அடக்குங்கள். அது ஜப்பானின் ஒகினாவா தீவு ஆயுதம், புரூஸ் லீயால் பிரபலமானது. முதல் மாதத்தில் அது அடிப்பது உங்கள் முழங்கையைத்தான். வீட்டில் டியூப்லைட்டையும்.

வகுப்பில் இப்போது ஒரு நிமிடம் நாற்பது வினாடி நிற்கிறேன், கட்டைவிரல் தெரிகிறது. அந்தப் பையன் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டான். மூன்று நிமிடம் நிற்கிறான், நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்து, “அங்கிள், முட்டி” என்கிறான்.