கிரிட்டிகல் என்றால் குறை சொல்வதா? ஆராய்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்றைக் கூர்ந்து ஆராய்வதற்கு ஆங்கிலத்தில் நிறையச் சொற்கள் உண்டு. அகராதியைத் திறந்தால் பெரும்பாலானவற்றுக்கு 'ஆராய்', 'பரிசோதி' என்றே பொருள் போட்டிருக்கும். அதை நம்பி ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடும்போதுதான் சிக்கல் வருகிறது.

அதிகம் வம்பு இழுப்பது கிரிட்டிசைஸ். அறிக்கையை அனுப்பிவிட்டு 'ப்ளீஸ் கிரிட்டிசைஸ் மை ரிப்போர்ட்' என்று எழுதுகிறார்கள். நிறை குறை இரண்டையும் சொல்லுங்கள் என்பதுதான் அவர்கள் மனதில் இருப்பது. படிப்பவர் காதிலோ 'குற்றம் சொல்லுங்கள்' என்று விழும். இலக்கியத் திறனாய்வில் இந்தச் சொல்லுக்கு நடுநிலையான பொருள் இன்னும் உண்டு; அன்றாட ஆங்கிலத்தில் அது கண்டிப்பதாகத்தான் ஒலிக்கிறது. அங்கே ரிவியூ போதும்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த கிரிட்டிகல் வேறு மாதிரி. கிரிட்டிக், கிரிட்டிகல், கிரைசிஸ் மூன்றுக்கும் வேர், பிரித்தறிவது, தீர்மானிப்பது என்று பொருள்படும் கிரேக்க வினைச்சொல். கிரிட்டிகல் திங்கிங் என்பதில் அந்தப் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது. ஒரு கூற்றுக்கு என்ன ஆதாரம், அந்த ஆதாரம் முடிவைத் தாங்குகிறதா, எதை விட்டுவிட்டார்கள் என்று பார்ப்பது அது. பார்த்து முடித்தபின் 'சரி, இது உண்மைதான்' என்று ஒப்புக்கொள்வதும் அதில் அடக்கம். எதைக் கேட்டாலும் மறுத்துப் பேசுவதே கிரிட்டிகல் திங்கிங் என்று பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுவது எனக்குப் பெரிய கவலை தருகிறது. சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் பழக்கமும் தவறாகிவிடும். ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1781இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் தலைப்பிலும் ('கிரிட்டீக் ஆஃப் ப்யூர் ரீசன்', தூய பகுத்தறிவு பற்றிய திறனாய்வு) கிரிட்டீக் என்ற சொல் இருக்கிறது. பகுத்தறிவைத் திட்டுவதற்காக அவர் அதை எழுதவில்லை, அதன் எல்லை எதுவரை என்று ஆராய்ந்தார்.

கிரிட்டிகல் சொல்லுக்குப் பின்னால் வரும் சிறு சொல்லையும் கவனிக்க வேண்டும். 'கிரிட்டிகல் ஆஃப்' என்றால் அதைக் குறைகூறுபவர். 'கிரிட்டிகல் டு' என்றால் அதற்கு இன்றியமையாதது. 'ஷி இஸ் கிரிட்டிகல் டு தி பிராஜெக்ட்' என்பது பாராட்டு. டு இருந்த இடத்தில் ஆஃப் வந்தால், திட்டத்தில் அவர் குறை காண்கிறார் என்று ஆகிவிடும். மருத்துவமனையில் 'கிரிட்டிகல்' என்றால் உயிருக்கு ஆபத்தான நிலை, அது எல்லோருக்கும் தெரியும்.

உச்சரிப்பிலும் ஒரு தடுமாற்றம் உண்டு. கிரிட்டிக் என்பவர் ஆள், விமர்சகர். அழுத்தம் முதல் அசையில். கிரிட்டீக் என்பது அவர் எழுதும் மதிப்பீடு. அழுத்தம் இரண்டாம் அசையில், நீட்டிச் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஸ்க்ரூட்டினைஸ். நம்மவர்கள் இதோடு அபவுட் சேர்த்துவிடுகிறார்கள். டிஸ்கஸ் போலவே இதற்கும் அது தேவையில்லை. 'ஸ்க்ரூட்டினைஸ் தி அக்கவுண்ட்ஸ்' என்றால் முடிந்தது. இந்தச் சொல்லில் கொஞ்சம் சந்தேகத்தின் சாயலும் ஒட்டிக்கொண்டிருக்கும். சக ஊழியரிடம் 'உங்கள் வேலையை ஸ்க்ரூட்டினைஸ் செய்தேன்' என்று சொன்னால், நம்மை நம்பவில்லையோ என்று அவருக்குத் தோன்றலாம். செக் என்றோ, லுக்டு ஓவர் என்றோ சொல்வது இதம்.

இன்ஸ்பெக்ட் நேரில் பார்த்துச் சோதிப்பது. கட்டடம், இயந்திரம் போன்றவற்றுக்குப் பொருந்தும். அனலைஸ் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்ப்பது. இன்வெஸ்டிகேட் நடந்தது என்ன, காரணம் என்ன என்று துப்புத் துலக்குவது. அதன் லத்தீன் வேரிலேயே காலடித் தடம் இருக்கிறது.

லுக் ஓவர் என்றேன் அல்லவா? அதைத் திருப்பிப் போட்டு ஓவர்லுக் என்று எழுதினால் விபரீதம். லுக் ஓவர் பார்வையிடுவது, ஓவர்லுக் கவனிக்காமல் விட்டுவிடுவது. 'ஐ ஓவர்லுக்டு யுவர் அப்ளிகேஷன்' என்று மின்னஞ்சல் போனால், விண்ணப்பித்தவர் தன்னுடையது கவனிக்கப்படவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். ஓவர்சைட் இன்னும் மோசம்: மேற்பார்வையும் அதுதான், கவனக்குறைவால் நேர்ந்த பிழையும் அதுதான். 'ஆன் ஓவர்சைட்' என்று வந்தால் பெரும்பாலும் பிழை.

பெரூஸ் என்பதை மேலோட்டமாகப் புரட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். கவனமாக வாசிப்பது என்பதே நெடுங்காலமாக வழங்கும் பொருள். இப்போது இரண்டு விதமாகவும் புழங்குகிறது. ஒப்பந்தம் போன்ற முக்கியமான காகிதங்களைப் பற்றி எழுதும்போது இதைத் தவிர்த்துவிட்டு, 'ரீட் கேர்ஃபுல்லி' என்றே எழுதிவிடுங்கள்.