ஒன்ராறியோவில் குளிர்காலப் பயணத்துக்கு முன் வீதியின் நிலையை அறிவது எப்படி?

குளிர்காலத்தில் ரொறன்ரோவிலிருந்து நெடுஞ்சாலை 400 வழியே வடக்கிலுள்ள பரி நகருக்குப் புறப்படுபவர், ஸ்காபரோவில் தம் வீட்டு வாசலில் அடிக்கும் வெயிலை வைத்து வழியைக் கணிக்கக்கூடாது. இன்னும் உறையாத ஹியூரன் ஏரியையும் ஜோர்ஜியன் குடாவையும் கடந்து கடுங்குளிர்க் காற்று வீசும்போது உருவாகும் பனிப்பொழிவு, ஒடுங்கிய பட்டைகளாகவே நிலத்துக்குள் நுழைகிறது. ஆகவே ஓரிடத்தில் வானம் தெளிந்திருக்க, சில கிலோமீற்றருக்கு அப்பால் முன்னே செல்லும் வாகனமே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

முதல்நாள் மாலையிலேயே கனடா சுற்றுச்சூழல் அமைச்சின் வெதர்கேன் செயலியில் வழியிலுள்ள ஊர்களையும் சேர்த்துவிடுங்கள். அதில் காற்றுக் குளிர் என்று காட்டப்படும் எண் நம் உடலுக்கு உரியது. வீதி உறையுமா என்பதை அது சொல்லாது. வெப்பநிலை எந்த நேரத்தில் சுழியத்துக்குக் கீழே இறங்குகிறது, அதற்குமுன் மழை பெய்ததா என்பவற்றையே பார்க்கவேண்டும். மைனஸ் 20 பாகையில் காய்ந்து கிடக்கும் வீதியைவிட, மாலை மழைக்குப் பின் மைனஸ் 1க்கு இறங்கிய வீதிக்கே நான் அதிகம் அஞ்சுவேன். தெளிந்த இரவுகளில் தரை காற்றைவிட விரைவாகக் குளிர்வதால், செயலி 2 பாகை என்று காட்டும் அதிகாலையிலும் தரையில் பனிக்கட்டி படிந்திருக்கக்கூடும்.

புறப்படுமுன் மாகாணப் போக்குவரத்து அமைச்சின் ஒன்ராறியோ 511 தளத்தைத் திறவுங்கள். வரைபடத்தின் வண்ணக் கோடுகளைவிட வீதியோரக் கமராப் படங்களே கூடுதலாகச் சொல்லும். முதலில் படம் எடுக்கப்பட்ட நேரத்தைச் சரிபாருங்கள். சக்கரத் தடங்கள் கறுத்தும் அவற்றுக்கு இடையே வெண்மையாகவும் இருந்தால், தடம் மாறுவதுகூடச் சிக்கலாகும். பனி அகற்றும் வாகனங்கள் எங்கே ஓடுகின்றன என்பதையும் அங்கே காணலாம். ஆனால் கடுங்குளிரில் உப்பின் வலிமை குறைந்து, மணலையே தூவவேண்டிய நிலை வரும் என்பதால், அவை கடந்துபோன வீதியெல்லாம் பாதுகாப்பானது என்று எண்ணிவிடாதீர்கள்.

ஓட்டத் தொடங்கியபின், ஈரமாய் மினுங்கும் வீதியில் முன்வாகனத்தின் சக்கரங்களிலிருந்து நீர் தெறிக்காவிட்டால், அது கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி என்று கொண்டு மெதுவாக வேகத்தைக் குறையுங்கள்; கீழிருந்தும் காற்றுப் படுவதால் பாலங்களே முதலில் உறையும். கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது ஒன்ராறியோவில் குற்றம் என்பதால், 511ஐ மறுபடி பார்க்கவேண்டுமானால் ஓன்ரூட் போன்ற ஓய்வு நிலையத்தில் நிறுத்தியே பார்க்கவேண்டும்.